கல்யாணத்துக்கும் கர்ப்பத்துக்கும் நடுவில் யார் பொறுப்பு?

எல்லாருக்கும் வணக்கம். மகளிர் குழு அக்காக்கள்தான் அதிகம் வந்திருக்கிறீர்கள், அதனால் மருத்துவக் கல்லூரி வகுப்பு மாதிரி இழுக்கப்போவதில்லை. ஒரு கணக்கை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

கரு உண்டாகி 28 நாளுக்குள், குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற நரம்புக்குழாய் மூடிவிடும். அது சரியாக மூடுவதற்கு அம்மாவின் உடம்பில் ஃபோலிக் அமிலம் என்கிற வைட்டமின் போதுமான அளவு இருக்க வேண்டும். அந்த 28 நாளில் பாதி, மாதவிலக்கு தள்ளிப்போகும் தேதி வருவதற்குள்ளேயே போய்விடும். மீதி 'இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்' என்பதில் போய்விடும். அப்புறம் நர்ஸம்மாவிடம் 12 வாரத்துக்குள் பதிவு செய்து மாத்திரை வாங்குகிறோம். நர்ஸம்மா மேல் தப்பே இல்லை, ஆனால் நரம்புக்குழாய்க்கு அது பிந்தி வந்த மாத்திரை. ஏற்கெனவே நரம்புக்குழாய் சரியாக மூடாத குறையோடு ஒரு குழந்தை பெற்ற தாய்மார்களுக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தால், மறுபடி அப்படிப் பிறப்பது 72 சதவீதம் குறைகிறது என்று பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 1991-லேயே காட்டிவிட்டது. ஆக, அறிவியல் பழசு, அரசியல்தான் இன்னும் வந்து சேரவில்லை.

கர்ப்பிணிகளுக்கு அரசு பணம் கொடுக்கிற முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தைப் பாருங்கள். 2006-ல் 6,000 ரூபாய், 2011-ல் 12,000, 2018-ல் 18,000. முதல் இரண்டும் ஆட்சி மாறிய வருடங்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஓட்டுக்காக ஏற்றினார்கள் என்று குறை சொல்லவில்லை, கேட்க ஆள் இருந்தால் ஏறும் என்கிறேன். (அந்த அம்மையாரே 1912-ல் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, மருந்து மட்டும் போதாது என்று சட்டசபைக்குள் போய்க் குழந்தைத் திருமணத்துக்கு எதிராகப் போராடியவர்தான்.) ஆனால் அந்தக் காசு முழுக்க, வயிற்றில் பிள்ளை வந்த பிறகு வருகிற காசு.

அதற்கு முன்னால்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பள்ளிக்கூடத்தில் வாரா வாரம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், டீச்சர் எதிரிலேயே விழுங்க வைக்கிறார். இருபது வயதைத் தாண்டியவர்களுக்கும் வாரம் ஒரு சிவப்பு மாத்திரை உண்டு என்று 2018-ல் வந்த மத்திய அரசுத் திட்டம் சொல்கிறது. ஆனால் கொடுப்பது யார்? திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற பெண்ணை வாரா வாரம் எந்த டீச்சர் பார்க்கிறார்?

அதனால் இதற்குக் கூட்டாளி தேட வேண்டும் என்கிறேன். அந்தப் பெண்ணை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருப்பவர் யாரோ அவரைப் பிடியுங்கள். கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர். உங்கள் குழுக் கூட்டம் இன்னொன்று. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போய் சுகரும் பிரஷரும் பார்க்கிற தன்னார்வலர்களே குழுப் பெண்கள்தானே, அதே வீட்டில் புதிதாக வந்த மருமகளையும் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் பதிவு செய்தே ஆகவேண்டும். பதிவு அலுவலகத்தில் சான்றிதழோடு ஒரு மாத்திரை அட்டையும் அந்த ஊர் நர்ஸின் போன் நம்பரும் கொடுக்கச் சொல்லலாம். சுகாதாரத்துறையும் பதிவுத்துறையும் ஒரு தடவை உட்கார்ந்து பேசினால் முடிகிற வேலை. இலங்கையில் மருத்துவமாது, அதாவது நம் ஊர் நர்ஸம்மா மாதிரி இருப்பவர், தன் பகுதிப் புதுமணத் தம்பதிகளைப் பதிவேட்டில் எழுதி, குழந்தைக்கு முன்பே போய்ப் பார்க்கிறார். நம்மால் முடியாதா?

மாமியார்கள் கேட்பார்கள், 'கல்யாணமாகி மூணு மாசத்துல மாத்திரையா, பொண்ணுக்கு என்ன குறை?' என்று. அதனால்தான் இதைப் பிள்ளை பெறும் திட்டம் என்று விற்காதீர்கள் என்கிறேன். பிள்ளையே வேண்டாம் என்கிற பெண்ணுக்கும் ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும், அது அவள் உடம்பு.

எம்.எல்.ஏ.விடம் 'ரத்தசோகையை ஒழியுங்கள்' என்று மனு கொடுத்தால் சிரித்து வாங்கி வைத்துக்கொள்வார். எண்ணிக்கையோடு கேளுங்கள்: நம் ஊரில் இந்த வருடம் எத்தனை கல்யாணம், அதில் எத்தனை பேருக்கு ரத்தம் பார்த்தாகிவிட்டது, சர்க்கரை பார்த்தாகிவிட்டது. இதையே கிராம சபையில் தீர்மானமாகப் போட்டால் மினிட் புத்தகத்தில் நிற்கும், அடுத்த கூட்டத்தில் என்ன ஆயிற்று என்று கேட்க முடியும். ஆகஸ்ட் 15 கிராம சபைக்கான தீர்மான வாசகத்தை எழுதி வாசல் மேஜையில் வைத்திருக்கிறோம், ஊர்ப் பெயர் மட்டும் நிரப்ப வேண்டும். சபையில் எழுந்து படிக்கப்போவது யார் என்பதை இங்கேயே முடிவு செய்துவிட்டுச் சாப்பிடப் போவோம், சரியா?