2 நாள், 100 பசங்க, முன்னப்பின்ன தெரியாத ஒரு கண்டக்டர்! | ஹானர் பேண்ட் உள்ளே என்ன நடக்குது?

[கறுப்புத் திரை. பெரிய டிரம் ஒரே ஒரு அடி.]

1932, மார்ச் 5. அமெரிக்கால பென்சில்வேனியா மாநிலம், ரெடிங்னு ஒரு ஊர். அந்த ஊர் ரிங்கோல்ட் பேண்டுக்கு 80 வயசு நிறையுது. விழாவுக்குக் கெஸ்ட் கண்டக்டரா 77 வயசு மனுஷர் ஒருத்தர் வந்திருக்கார். ரிகர்சல் நடக்குது. கடைசியா தானே எழுதின ஒரு மார்ச்சை, அதாவது அணிவகுப்பு நடைக்கான பேண்ட் இசையை, வாசிக்க வைக்கிறார். முடிச்சுட்டு ஹோட்டலுக்குப் போறார். விடியறப்போ அவர் உயிரோட இல்ல.

அவர் பேரு ஜான் பிலிப் சூசா. அன்னிக்கு வாசிக்க வச்சது 'த ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர்'. 1987ல அமெரிக்கா அதைத் தன்னோட தேசிய மார்ச்னு சட்டம் போட்டே அறிவிச்சது.

ரெடிங்ல இருந்தது ஊர் பேண்ட். ஆனா அதுக்கு முந்தின வருஷம் கோடையில, இதே சூசா ஹைஸ்கூல் பசங்க பேண்ட் ஒண்ணு முன்னாடி குச்சியோட நின்னார். அந்த பேண்ட்ல பாஸ் டிரம் அடிச்ச ஒரு 17 வயசுப் பையன் இருந்தான். அவனைக் கடைசியில பாப்போம். ஆமா, வீடியோவை முழுசா பாக்க வைக்கிற தந்திரம்தான். ஒத்துக்கறேன்.

[டைட்டில் இசை]

வணக்கம் மக்களே! இந்த வீடியோவுக்குக் காரணம் டெக்சாஸ்ல இருக்கிற எங்க அக்கா பொண்ணு. கிளாரினெட் வாசிக்கிறா. நம்ம ஏ.கே.சி. நடராஜன் கர்நாடக சங்கீதம் வாசிச்சாரே, அதே கிளாரினெட். போன வாரம் போன் பண்ணி, "மாமா, ரீஜியன் பேண்ட்ல செலக்ட் ஆயிட்டேன், பதினாலாவது சேர்!"னு கத்துறா. எனக்கு ஒண்ணும் புரியல. பந்தியில பதினாலாவது இலைன்னா சந்தோஷப்படலாம், பாயசம் வந்து சேரும். பதினாலாவது நாற்காலிக்கு எதுக்கு இவ்வளவு ஆட்டம்?

கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த ஊர் ஸ்கூல் பேண்ட்ல, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் யாரு நல்லா வாசிக்கிறாங்களோ அந்த வரிசையிலதான் உக்காரணும். முதல் ஆளு ஃபர்ஸ்ட் சேர். நிறைய ஸ்கூல்லேர்ந்து ஆடிஷன் வச்சு, நல்லா வாசிக்கிற பசங்களை மட்டும் பொறுக்கி ஒரு பேண்ட் ஆக்கினா அதுக்குப் பேரு ஹானர் பேண்ட். இவ சொன்ன ரீஜியன் பேண்டும் அதுல ஒரு வகைதான், ஒரு வட்டாரத்துக்கு ஒண்ணு. ரெண்டு மூணு நாள் ரிகர்சல், கடைசி நாள் கச்சேரி, அதோட பேண்ட் கலைஞ்சு போயிடும். இதை நடத்த வெளியூர்லேர்ந்து ஒருத்தர் வருவார். அவர்தான் கெஸ்ட் கண்டக்டர். விசிலும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. ஆனா வண்டி எப்போ கிளம்பணும், எங்க நிக்கணும்னு முடிவு பண்றது இவரும்தான்.

வரலாறு வேணுமா? ஒரே மூச்சுல சொல்லிடறேன். 1923ல சிகாகோவுல முதல் தேசிய ஸ்கூல் பேண்ட் போட்டி நடந்துச்சு, அதுக்குப் பின்னாடி நின்னது வாத்தியம் விக்கிற கம்பெனிகள் (பின்ன, வேற யாரு?), 1926ல ஜோசஃப் மேடின்னு ஒரு இசை ஆசிரியர், பல மாநிலப் பசங்களை டெட்ராய்ட்ல ஒண்ணு சேர்த்து ஒரு தேசிய ஹைஸ்கூல் ஆர்கெஸ்ட்ராவே வாசிக்க வச்சார், 1928ல மிச்சிகன் மாநிலம் இன்டர்லாக்கன்ல ஏரிக்கரையில ஒரு இசை முகாமே போட்டுட்டார். அவ்வளவுதான். மூச்சு வாங்கிக்கறேன்.

இப்ப ஆடிஷன். டெக்சாஸ்ல இது கிட்டத்தட்ட நம்ம நீட் மாதிரி. என்ன வாசிக்கணும்னு கோடையிலேயே அறிவிச்சுடுவாங்க. பசங்க மாசக்கணக்குல அதையே வாசிச்சு வீட்டுல இருக்கறவங்க காதைத் தேய்ப்பாங்க. அன்னிக்கு ரூமுக்குள்ள போனா ஜட்ஜ்கள் ஒரு திரைக்கு அந்தப் பக்கம். பையனா பொண்ணா, கறுப்பா சிவப்பா, எந்த ஸ்கூல், யாரு வீட்டுப் புள்ளைன்னு எதுவும் தெரியாது. நம்பர் மட்டும்தான். பசங்க வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசக்கூடாது. இந்தத் திரை ஐடியா எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நம்ம ஊர் பாட்டுப் போட்டிகளுக்கும் ஒண்ணு வாங்கிக் கொடுக்கலாம்.

பேண்ட், ஆர்கெஸ்ட்ரா, பாட்டுக் குழு எல்லாம் சேர்த்து 70,000 பேருக்கு மேல ஆரம்பிப்பாங்க. ஒவ்வொரு படியா வடிகட்டி, பிப்ரவரியில சான் அன்டோனியோவுல நடக்கிற ஆல் ஸ்டேட்டுக்கு, அதாவது மாநில அளவிலான குழுக்களுக்கு, போறது சுமார் 1,900 பேர். 100க்கு 3 பேர்கூட இல்ல.

சரி, பொறுக்கி எடுத்தாச்சு. இப்பதான் அசல் பிரச்சனை. ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்தவங்களை எல்லாம் ஒரே காலேஜ் ஹாஸ்டல்ல போட்ட மாதிரி. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ஸ்கூல்ல ராஜா. நேத்து வரைக்கும் சோலோ வாசிச்ச புள்ள இன்னிக்கு மூணாவது வரிசையில பதினாலாவது ஆளு. பக்கத்துல இருக்கறவன் பேருகூடத் தெரியாது. முன்னாடி ஒரு புது மனுஷர். அவருக்கும் யாரையும் தெரியாது. ஆனா எந்தெந்தப் பாட்டுன்னு பல மாசம் முன்னாடியே முடிவு பண்ணிட்டு வந்திருக்கார். அதுல ஓபோங்கிற ஊதுற வாத்தியத்துக்கு ஒரு சோலோ இருக்குன்னா, நல்ல ஓபோ ஆளு கிடைக்கணுமேன்னு சாமியைக் கும்பிட்டுக்கிட்டுத்தான் வந்திருப்பார்.

[திரையில்: நாலு வாத்தியம், நாலு எழுத்து]

முதல் வேலை சுருதி சேர்க்கறது. இங்கதான் எனக்குத் தலை சுத்துச்சு. கண்டக்டர் ஒரு ஸ்வரம் கேக்கறார், பி ஃபிளாட். புல்லாங்குழல் பொண்ணு பி ஃபிளாட் வாசிக்கிறா. சரி. கிளாரினெட்காரி தன் தாள்ல 'சி'ன்னு எழுதியிருக்கிறதை வாசிக்கிறா. ஆல்டோ சாக்ஸ் பையன் 'ஜி'. பிரெஞ்சு ஹார்ன் 'எஃப்'. வெளிய வர்றது எல்லாம் ஒரே ஸ்வரம்! வீட்டுல குட்டி, ஸ்கூல்ல கார்த்திகேயன், ஆதார்ல கார்த்திகேயன் ஆர், ஆளு ஒருத்தன்தான். ஒவ்வொரு வாத்தியத்தோட குழாய் நீளத்துக்கும் தகுந்த மாதிரி எழுத்தை நகர்த்தி எழுதற பழக்கம் இது. விரல் வைக்கிற முறையை மாத்தாம, சின்ன கிளாரினெட்லேர்ந்து பெரிய கிளாரினெட்டுக்குத் தாவலாம். அதனால அவங்க எப்பவும் "கான்சர்ட் பி ஃபிளாட்"னு சொல்லுவாங்க, காதுல விழற ஸ்வரம்னு அர்த்தம். அந்தக் 'கான்சர்ட்' விட்டுப்போச்சுன்னா ரூமே மீன் மார்க்கெட்.

இன்னொண்ணு. காலையில குளிர்ல பெட்டியைத் திறந்த உடனே சுருதி சேர்த்தா வீண் வேலை. குழாய்க்குள்ள காத்து சூடாக ஆக, சத்தம் வேகமா ஓடும், சுருதி ஏறும். உள்காத்து 10 டிகிரி ஏறினா, ஒரு ஸ்வரத்துக்கும் பக்கத்து அரை ஸ்வரத்துக்கும் நடுவுல இருக்கிற தூரத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு ஏறிடும். அதனாலதான் விவரமான கண்டக்டர்கள் முதல்ல கொஞ்ச நேரம் சும்மா நீளமா ஊத வைப்பாங்க. எஞ்சின் சூடாகட்டும்னு.

அடுத்தது மூச்சு. ஒரு நீளமான ஸ்வரம், இருபது விநாடி அறுந்து போகாம நிக்கணும். எல்லாராலயும் அவ்வளவு நேரம் ஒரே மூச்சுல ஊத முடியாது. கண்டக்டர் சொல்லுவார்: "பக்கத்துல இருக்கறவங்க மூச்சு வாங்கும்போது நீ வாங்காதே. பாட்டுல எல்லாரும் மூச்சு வாங்கற இடம்னு தோணுதே, அங்க நிச்சயமா வாங்காதே." அவ்வளவுதான் ரூல். ஆளாளுக்கு வெவ்வேற நேரத்துல திருட்டுத்தனமா மூச்சு எடுப்பாங்க, கேக்கறவங்களுக்குச் சத்தம் அறுந்த மாதிரியே தெரியாது. நம்ம நாதஸ்வரக் கச்சேரியில ஒத்து ஊதறவர் இதைத் தனி ஆளா செய்வார். கன்னத்துல காத்தை அடக்கி வெளிய தள்ளிக்கிட்டே மூக்கால உள்ள இழுப்பார். அவர் ஒருத்தர் செய்யறதை இங்க பதினாலு பேர் பங்கு போட்டுக்கறாங்க. அந்தப் பதினாலாவது நாற்காலியோட மதிப்பு எனக்கு இங்கதான் புரிஞ்சுது.

இப்ப என்னோட ஃபேவரிட். பேப்பர் பேனா எடுங்க, கணக்கு வருது. கடைசி வரிசை டிரம்முக்கும் முன்வரிசைக்கும் 15 மீட்டர்னு வச்சுக்குவோம். சத்தம் விநாடிக்கு சுமார் 343 மீட்டர் ஓடுது. அப்ப முன்வரிசைச் சத்தம் டிரம்காரனுக்கு 44 மில்லிசெகண்ட் லேட்டா கேக்கும். அதைக் கேட்டுத்தான் அடிப்பேன்னு அவன் நினைச்சா, அந்த அடி திரும்ப முன்னாடி வர இன்னொரு 44. மொத்தம் 88. நிமிஷத்துக்கு 120 தட்டு போற மார்ச்சுல இது ஒரு தட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல. தாளம் பல்லை இளிக்கும்! அதனால பின்வரிசைக்குச் சொல்ற முதல் பாடம், "காதை நம்பாதே, என் கையைப் பாரு." சங்கீதத்துல காதை நம்பாதேன்னு சொல்ற ஒரே ஆளு இவர்தான்.

ஒரு குட்டி டூர். இன்டர்லாக்கன் முகாமுல 1937லேர்ந்து 1944 வரைக்கும் கோடையில வந்து பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பெர்சி கிரெய்ஞ்சர்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரர். பேண்ட் உலகத்துல பெரிய கை. இசைத் தாள்ல பெரும்பாலும் இத்தாலியன்ல குறிப்பு எழுதுவாங்க, 'கிரெஷெண்டோ', அதாவது சத்தத்தை ஏத்து. இவருக்கு இத்தாலியனே ஆகாது. 'லவுடன் லாட்ஸ்'னு எழுதுவார், நல்லா சத்தம் ஏத்துப்பா! தனித்தமிழ் மாதிரி இவர் தனி இங்கிலீஷ். இதுக்குப் பின்னாடி அவருக்கு இருந்த இனப்பெருமைப் பேச்சு எனக்கு ரசிக்கல. ஆனா அந்தக் குறிப்புகளை இன்னிக்கும் கெஸ்ட் கண்டக்டர்கள் சத்தமா படிச்சுக்காட்டினா பசங்க சிரிப்பாங்க. சிரிச்சா தோள் இறங்கும், தோள் இறங்கினா மூச்சு நல்லா வரும்.

சரி, யாரு இந்தக் கண்டக்டர்கள்? பெரும்பாலும் யூனிவர்சிட்டி பேண்ட் நடத்தறவங்க. நல்ல பசங்களைத் தன் காலேஜுக்கு இழுக்கலாம்ங்கிற கணக்கும் அதுல இருக்கும், தப்பில்ல. ரொம்ப காலம் எல்லாம் ஆம்பளைங்க. 1929ல ஆரம்பிச்ச அமெரிக்கன் பேண்ட்மாஸ்டர்ஸ் அசோசியேஷன்ல முதல் பெண் உறுப்பினர் கிளாடிஸ் ஸ்டோன் ரைட் வந்தது 1984ல. 55 வருஷம்! அங்கயும் ஒரு திரை போட்டிருக்கலாம்.

எனக்கு ஒரு சின்னக் கடுப்பும் இருக்கு. ஆறாம் கிளாஸ்லேர்ந்து உதட்டை எப்படி வைக்கணும், விரலை எப்படி மூடணும்னு வருஷக்கணக்கா கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்த ஸ்கூல் பேண்ட் வாத்தியார், கச்சேரி அன்னிக்கு ஹால்ல சுவர் ஓரமா நிக்கறார். ரெண்டு நாள் வந்தவர் மேடையில தலை குனிஞ்சு கைத்தட்டல் வாங்கறார். நெல்லு விளைவிச்சவர் வரப்புல, பொங்கல் பொங்க வச்சவருக்குக் குலவை.

அப்புறம் எதுக்கு அந்த வாத்தியார்களே இவரைக் கூப்பிடறாங்க? இதுக்கு எங்க அம்மாகிட்ட பதில் இருக்கு. "நான் சொன்னா கேக்க மாட்டான், அதையே எதிர்வீட்டு அங்கிள் சொன்னா தலையை ஆட்டுவான்!" நாலு வருஷமா "வயித்துலேர்ந்து மூச்சு எடு"ன்னு கேட்டு மரத்துப்போன காதுல, புது ஆளு அதே வாக்கியத்தை ஒரு தடவை சொன்னா டக்குன்னு விழுது. இது வாத்தியார்களுக்கு நல்லாத் தெரியும். அவங்களும் மூலையில நோட்டுப் புத்தகத்தோட உக்காந்து இவர் எப்படிச் சொல்றார்னு எழுதிக்கிட்டுத்தான் இருப்பாங்க. உங்க வீட்டு எதிர்வீட்டு அங்கிள் யாருன்னு கமெண்ட்ல சொல்லுங்க.

எங்க பதினாலாவது சேர் கச்சேரி அங்க சனிக்கிழமை ராத்திரி 7 மணிக்கு. நமக்கு ஞாயிறு காலை ஆறரை. ஞாயித்துக்கிழமை ஆறரைக்கு எழுந்திரிக்கிற அளவுக்குப் பாசம் இருக்குன்னு அக்காகிட்ட யாராவது சொல்லுங்க. அப்படியே சப்ஸ்கிரைபும் பண்ணிடுங்க.

[கறுப்பு வெள்ளைப் படம்: ஏரிக்கரை மேடை]

அந்தப் பையன். 1931, இன்டர்லாக்கன். தன்னோட கடைசிக் கோடையில சூசா, பசங்களுக்காகப் புதுசா எழுதின ஒரு மார்ச்சை அவங்களை வச்சே அரங்கேத்தறார். பாஸ் டிரம்ல நின்ன பையன் பேரு ஃபிரெடரிக் ஃபென்னல். 1952ல ஈஸ்ட்மன் விண்ட் என்செம்பிள்ங்கிற பேண்டைத் தொடங்கி, ஒவ்வொரு பகுதியையும் வாசிக்க ஒரே ஒரு ஆளுன்னு பேண்டோட சத்தத்தையே இளைக்க வச்சவர். அப்புறம் அவரே ஊர் ஊரா கெஸ்ட் கண்டக்டரா போனார்.

2004 டிசம்பர், ஃபிளோரிடா. 90 வயசு, கடைசி நேரம். பக்கத்துல இருந்த மகள் பின்னால எழுதினாங்க: அப்பா ஏமாத்தமா இருக்குன்னு சொன்னாராம். ஏன்ப்பான்னு கேட்டா, "இன்னும் டிரம்மர் வரல. டிரம்மர் இல்லாம நான் சாக முடியாது"ன்னாராம். சொர்க்கத்துலேயே நல்ல டிரம்மர் கிளம்பி வந்துக்கிட்டிருக்கார்ப்பான்னு மகள் சொன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு,

"கேக்குது. கேக்குது. இப்ப சரி."

[பெரிய டிரம் ஒரே ஒரு அடி. கறுப்புத் திரை.]