கரைக்கு உள்ளே பள்ளம்

நேயர்களுக்கு வணக்கம். புயலடித்தால் சனம் ஊரை விட்டுக் கிளம்பிவிடும் என்று நினைக்கிறோம். அப்படி யாரும் உடனே கிளம்புவதில்லை. கூரையைத் தூக்கிக் கட்டத்தான் பார்ப்பார்கள். ஊரைக் காலி செய்ய வைப்பது காற்றல்ல, வடியாத தண்ணீர். அது விட்டுப்போகும் உப்பு.

வங்கதேசத்தில் குல்னா மாவட்டம், தாகோப் பகுதி. 2009 மே 25இல் ஐலா புயல். காற்று ஒரு நாளில் ஓய்ந்தது. சுற்றிலும் மண்கரை போட்ட 32ஆம் எண் கரைத்தீவில் மட்டும் ஓதநீர், அதாவது கடல் பொங்கும்போது ஆற்றில் ஏறிவரும் தண்ணீர், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வந்து வந்து போனது. ஏன்?

1960களில் அந்தத் தீவுகளைச் சுற்றி மண்கரை போட்டார்கள், உப்புத் தண்ணீர் வயலுக்குள் வராமலிருக்க. வரவில்லை, நெல்லும் விளைந்தது. ஆனால் ஓதம் சுமந்துவரும் வண்டலும் அதோடு உள்ளே வராமல் நின்றுபோனதே! அது வெளியே ஆற்றில் படிந்து ஆறு மேடானது. உள்ளே புதுமண் இல்லாமல் நிலம் அமுங்கியது. ஐம்பதே ஆண்டில், கரை போடாத பக்கத்துச் சுந்தரவனக் காட்டைவிட 1 முதல் 1.5 மீட்டர் பள்ளம். நின்று பார்த்தால் இடுப்புக்கு மேல். பாதுகாக்கப் போட்ட கரைதான் பள்ளம் பறித்தது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐலாவில் கரை உடைந்ததும் நாளுக்கு இரண்டு ஓதம் உள்ளே புகுந்தது. ஒவ்வொன்றும் உடைப்பை இன்னும் அகலமாக்கியது. சனம் கரைமேல் குடிசை போட்டது. ஆண்கள் நகரத்துக்குக் கூலி தேடிப் போனார்கள்.

நம் நாகப்பட்டினத்தில் 2004 சுனாமிக்குப் பிறகும் வயலில் உப்பு ஏறியதே, அது எப்படிச் சீக்கிரம் சரியானது? கடல் ஏறியது, இறங்கியது, அவ்வளவுதான். வரப்பை உயர்த்தி, மழைநீரைத் தேக்கி, வாய்க்காலில் வடித்து, தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் பயிரை விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுதால் மண் தேறும். வடிகால் தூர்ந்திருந்தால் மட்டும் உப்பு போகாது; வெயிலில் மறுபடி மேலே பூக்கும். தாகோப்பிலோ கழுவக் கழுவ அடுத்த ஓதம் வந்துவிடும்.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 1997இல் அதே வங்கதேசத்தில் ஜெசோர் பக்கம் பில் பாய்னா என்ற தாழ்நிலத்தில் ஊர்க்காரர்களே கரையை வெட்டி ஓதத்தை உள்ளே விட்டார்கள். சில ஆண்டுகளில் வண்டல் படிந்து நிலம் உயர்ந்தது, ஆறும் ஆழமானது. சிக்கல் சோற்றில்தான். அத்தனை ஆண்டும் அந்த வயலில் நெல் கிடையாது. பின்னால் வேறு தாழ்நிலங்களில் அரசு இதையே செய்தபோது இழப்பீடு உண்டு என்றார்கள்; பாகம் பிரிக்காத நிலத்துக்குப் பத்திரம் காட்ட முடியாதவர்கள் அதை வாங்க அலைந்தார்கள். வணக்கம்.