முதல் 24 மணி நேரம்: பால்மர் பீஸ்லியின் தைவான் ஆய்வு

அவையோருக்கும் செவிலியர் மாணவியருக்கும் வணக்கம்.

ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் படித்துவிட்டுப் போகிறோம். 1970களில் அந்த ஒரு வரிக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் இந்த வைரஸ் அதிகம் தென்படுகிறது என்பது தெரிந்திருந்தது. ஆனால் வைரஸால் புற்று வந்ததா, கெட்டுப்போன ஈரலில் வைரஸ் பிறகு வந்து தங்கியதா? நோயாளியைப் படுக்கையில் வைத்துச் சோதித்தால் இதற்கு விடை கிடைக்காது. நோய் வருவதற்கு முன்பே ரத்தம் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

அமெரிக்க மருத்துவர் பால்மர் பீஸ்லியும் லூ-யூ ஹுவாங்கும் மற்றச் சகாக்களும் தைவானில் அதைத்தான் செய்தார்கள். 1975இல் தொடங்கி 22,707 ஆண்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பெரும்பாலும் அரசு ஊழியர்கள். சாமர்த்தியமே அந்தத் தேர்வில்தான் இருக்கிறது: அரசு ஊழியருக்குக் காப்பீடு உண்டு, ஆகவே யார் இறந்தாலும் எதனால் இறந்தார் என்ற தகவல் தவறாமல் வந்து சேரும். ஆள் நழுவிப் போனால் இத்தகைய ஆய்வே வீண்.

3,454 பேரிடம் வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென், அதாவது உடம்பில் வைரஸ் இருப்பதைக் காட்டும் அதன் மேலுறைப் புரதம், இருந்தது. 19,253 பேரிடம் இல்லை. 1981இல் 'லான்செட்' இதழில் வெளியான கணக்கு இது: கல்லீரல் புற்று வந்தவர்கள் 41 பேர். அதில் 40 பேர் வைரஸ் உள்ளவர்கள், ஒரே ஒருவர் இல்லாதவர். 223 மடங்கு அபாயம்! புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்று வரும் அபாயமே சுமார் இருபது மடங்குதான்.

சரி, அந்த ஆண்களுக்கு வைரஸ் எப்போது வந்தது? என் பார்வையில் பீஸ்லியின் பெரிய வேலை இந்தக் கேள்விதான். பெரியவருக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே அது நிலைத்துத் தங்கும். இ-ஆன்டிஜென் (வைரஸ் மும்முரமாகப் பெருகுவதைக் காட்டும் புரதம்) உள்ள தாய்க்குப் பிறந்து, தடுப்பு எதுவும் பெறாத குழந்தைகளில் நூற்றில் ஏறக்குறைய தொண்ணூறு பேருக்குத் தங்கிவிடும். அதுவும் காமாலை, காய்ச்சல் ஏதும் இல்லாமல். கண் மஞ்சளானால்தானே நம் வீடுகளில் கீழாநெல்லியைத் தேடுவார்கள்? இங்கே கண் மஞ்சளாவதே இல்லை.

தொற்று பெரும்பாலும் பிரசவ நேரத்தில், தாயின் ரத்தம் படுவதால் நிகழ்கிறது. வைரஸ் வேரூன்றச் சில வாரங்களாவது ஆகும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைத்த வாய்ப்பு. பீஸ்லி குழு முதலில் இம்யூனோகுளோபுலின், அதாவது வைரஸுக்கு எதிரான ஆயத்த எதிர்ப்பொருள் ஊசி, மட்டும் போட்டுப் பார்த்தது. ஒரு ஊசியில் பாதிக் குழந்தைகள்கூடச் சரியாகத் தப்பவில்லை. மூன்று முறை போட்டதில் கால்வாசிப் பேருக்கு வைரஸ் தங்கியது. காரணம் எளிது: வெளியிலிருந்து கொடுத்த எதிர்ப்பொருள் சில மாதங்களில் கரைந்துவிடும், குழந்தையோ தாயின் மடியிலேயே வளர்கிறது. தடுப்பூசியையும் சேர்த்ததும் பலன் 94 சதவீதமானது. முதல் சில வாரங்களை இம்யூனோகுளோபுலின் காக்கும், அதற்குள் உடம்பு தானே எதிர்ப்பை உண்டாக்கிக்கொள்ளும்.

தைவான் 1984 ஜூலையில் தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1986இல் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி போடத் தொடங்கியது. 6 முதல் 14 வயதுள்ளோரில் கல்லீரல் புற்று லட்சத்துக்கு 0.70 என்பதிலிருந்து 1990–94இல் 0.36 ஆகக் குறைந்தது. தடுப்பூசியால் ஒரு புற்றுநோய் குறைந்ததற்கு முதல் சான்று இது.

இனி உங்கள் வார்டு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0.5 மில்லி, தொடையின் முன்பக்க வெளிப்புறத் தசையில். இம்யூனோகுளோபுலின் போடுவதானால் மற்றத் தொடையில். "ஆறாவது வாரம் பென்டாவேலன்ட் போடும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று (ஹெபடைடிஸ் பி உட்பட ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி அது) விட்டால் அந்த இடைவெளி கைநழுவிவிடும். ஞாயிற்றுக்கிழமை, எடை குறைவு, ஒரு குழந்தைக்காகப் பத்து டோஸ் குப்பியை உடைப்பதா என்ற தயக்கம்: தவறுவது இப்படித்தான். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் அதில் சேர்த்திருக்கும் அலுமினிய உப்பு கட்டிதட்டி வீரியம் போய்விடும். ஐஸ் பேக்கை ஒட்டிக் குப்பியை வைக்காதீர்கள்.

இத்தனையும் செய்தும் சில குழந்தைகளுக்குத் தொற்றும். தாயின் ரத்தத்தில் வைரஸ் அளவு மில்லிக்கு 2 லட்சம் யூனிட்டைத் தாண்டினால், கர்ப்பத்தின் 28ஆவது வாரத்திலிருந்து டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுப்பது அதற்காகத்தான்.

ஏற்கெனவே வைரஸ் தங்கிவிட்டவருக்குத் தடுப்பூசி பயன்படாது. ஈரல் சுருக்கம் இல்லாமலேகூட அவர்களுக்குப் புற்று வரலாம். ஆகவே அபாயம் கூடியவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட். கல்லீரல் புற்றில் ரத்தத்தில் உயரக்கூடிய ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் சரியாக இருக்கிறது என்று ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. சிறிய கட்டிகள் பலவற்றில் அது உயர்வதே இல்லை.