எரித்தால் மட்டும் போதாது: எரிவாயுக் கலவைகளைப் பிரித்தறிந்த பழைய முறைகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

எரியும் வாயுக் கலவை ஒன்றைக் கொடுத்து, இதில் எது எது எவ்வளவு என்று கேட்டால் இன்று குரோமட்டோகிராஃப் என்னும் பிரித்தறியும் கருவி சில நிமிடங்களில் சொல்லிவிடும். அது வருவதற்கு முன், அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயும் நாலைந்து கரைசல்களும்தான் பதில் சொல்லின. அந்தப் பதில் எப்படிக் கிடைத்தது, எங்கே கோட்டை விட்டது என்பதே இன்றைய பேச்சு.

1776 நவம்பரில் அலெசாண்ட்ரோ வோல்ட்டா வட இத்தாலியின் மஜ்ஜோரே ஏரியில் சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளை நீர் நிரப்பிக் கவிழ்த்த புட்டியில் பிடித்தார். சதுப்பு வாயு, அதாவது மீத்தேன். அடுத்த ஆண்டு வாக்கில், மூடிய குழாய்க்குள் மின்பொறி பாய்ச்சி வாயுவை வெடிக்கவைக்கும் யூடியோமீட்டரையும் உருவாக்கினார். அடுத்த நூறு ஆண்டுகளுக்கு வாயுப் பகுப்பாய்வின் அடித்தளம் இந்தக் குழாய்தான்.

கொள்கை எளிது. வாயுவோடு அளவாக ஆக்சிஜனோ காற்றோ கலந்து வெடிக்க விடுகிறோம். வாயுவும் ஆக்சிஜனும் செலவாகி, உண்டாகும் நீராவியும் குளிர்ந்து நீராகிவிடுவதால் கன அளவு குறையும். அந்தச் சுருக்கம் முதல் எண். பிறகு பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசலில் குலுக்கினால் கார்பன் டை ஆக்சைடு உறிஞ்சப்படும். அந்தக் குறைவு இரண்டாம் எண். 1 மி.லி. ஹைட்ரஜன் எரிந்தால் சுருக்கம் 1.5, கார்பன் டை ஆக்சைடு ஏதுமில்லை. மீத்தேனுக்குச் சுருக்கம் 2, கார்பன் டை ஆக்சைடு 1. கார்பன் மோனாக்சைடுக்குச் சுருக்கம் 0.5, கார்பன் டை ஆக்சைடு 1.

இங்கேதான் வம்பு. மீத்தேனைப் போன்ற இன்னொரு ஹைட்ரோகார்பனான ஈத்தேன் 1 மி.லி. எரிந்தால் சுருக்கம் 2.5, கார்பன் டை ஆக்சைடு 2. அதோடு 1 மி.லி. ஹைட்ரஜன் சேர்ந்தால் மொத்தச் சுருக்கம் 4, கார்பன் டை ஆக்சைடு 2, செலவான ஆக்சிஜன் 4. இப்போது 2 மி.லி. தூய மீத்தேனை எரித்துப் பாருங்கள்: 4, 2, 4. மூன்று எண்ணும் அச்சு அசல் ஒன்றே. எவ்வளவு கவனமாக அளந்தாலும் எரிப்பு முறையால் இந்த இரண்டையும் வேறுபடுத்தவே முடியாது. ஆகவே எரிப்பதற்கு முன் எதை எதை விலக்குகிறோம் என்பதில்தான் திறமை முழுவதும் இருக்கிறது.

இதை முதலில் விடாப்பிடியாகச் செய்தவர் மான்செஸ்டரின் வில்லியம் ஹென்றி. 1821இல் நிலக்கரி வாயுவிலிருந்து எத்திலீனை மட்டும் குளோரின் கொண்டு விலக்கினார், அதுவும் வெளிச்சம் படாமல். வெளிச்சம் பட்டால் குளோரின் மீத்தேனையும் ஹைட்ரஜனையும் தின்றுவிடும். 1823இல் ஜெர்மன் வேதியியலாளர் டோபரைனர், பஞ்சுபோன்ற நுண்துளைப் பிளாட்டினம் ஹைட்ரஜனை எரியவைக்கும் குணத்தைக் கண்டறிந்ததும், அடுத்த ஆண்டே ஹென்றி அதைப் பகுப்பாய்வுக்குப் பயன்படுத்தினார்: மிதமான சூட்டில் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் எரியும், மீத்தேன் அப்படியே நிற்கும்.

பின்னர் புன்சன் ஜெர்மனியில் அளவீட்டைச் செம்மைப்படுத்தினார். வால்டர் ஹெம்பெலின், வாயுவை அளக்கும் பியூரெட்டும் உறிஞ்சும் கரைசல் நிரப்பிய பிப்பெட்டுகளும் வந்தபின் இது சாதாரண ஆய்வகத்து வேலையாயிற்று. வாயுக்களை ஒவ்வொன்றாக விலக்கும் அந்த வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

100 மி.லி. வாயு. முதலில் பொட்டாஷ், கார்பன் டை ஆக்சைடு போகும். அடுத்து புகையும் கந்தக அமிலம், எத்திலீன் வகை போகும். அமிலப் புகை வாயுவோடு கலந்து நிற்பதால் மறுபடி பொட்டாஷில் கழுவாமல் அளவைப் படிக்கக் கூடாது. மூன்றாவதாகக் காரப் பைரோகாலால், ஆக்சிஜனுக்கு. காரம் நீர்த்திருந்தால் இந்தக் கரைசல் தானே கொஞ்சம் கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். குளிரில் மந்தமாகவும் வேலை செய்யும். கடைசியாக அம்மோனியா கலந்த குப்ரஸ் குளோரைடு (ஒரு செப்பு உப்பு), கார்பன் மோனாக்சைடுக்கு. இதை முன்னால் கொண்டுவர முடியாது. இது ஆக்சிஜனையும் எத்திலீனையும் சேர்த்தே விழுங்கும்.

இந்தக் கடைசிக் கரைசல்தான் அதிகம் ஏமாற்றும். உறிஞ்சிய வாயுவைத் தளர்வாகவே பிடித்திருப்பதால், பழைய கரைசல் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும். அதனால் முதலில் பழகிய கரைசலிலும் பிறகு புதிய கரைசலிலும் குலுக்க வேண்டும். அம்மோனியா ஆவியை நீர்த்த கந்தக அமிலத்தில் கழுவிவிட்டுப் படிக்க வேண்டும். 1 மி.லி. கார்பன் மோனாக்சைடு தப்பி வெடிப்புக்குப் போனால் என்னாகும்? கணக்கில் மீத்தேன் 1 மி.லி. கூடும், ஹைட்ரஜன் 1 மி.லி. குறையும். இரண்டின் கூட்டுத்தொகை மாறாததால் பிழை எளிதில் கண்ணில் படாது.

இப்போது 86 மி.லி. மீதம் என்று வைத்துக்கொள்வோம். ஹைட்ரஜன், மீத்தேன், நைட்ரஜன். இதில் 15 மி.லி. மட்டும் எடுத்து 85 மி.லி. காற்றோடு வெடிக்கவிடுகிறோம். 100 என்பது 76 ஆகிறது, பொட்டாஷுக்குப் பின் 70. கார்பன் டை ஆக்சைடு 6, எனவே மீத்தேன் 6. சுருக்கம் 24, அதில் மீத்தேனின் பங்கு 12 போக மீதி 12ஐ 1.5ஆல் வகுத்தால் ஹைட்ரஜன் 8. நைட்ரஜன் 1. ஒரு சோதனையும் உண்டு: காற்றில் வந்த ஆக்சிஜன் சுமார் 17.8, எரியத் தேவை 16. மீதியைப் பைரோகாலாலில் பார்த்தால் 1.8 வர வேண்டும். ஆனால் 15ஐ 86க்குப் பெருக்கும்போது பிழையும் ஏறத்தாழ ஆறு மடங்காகும். 0.1 மி.லி. தவறாகப் படித்தால் அரை மி.லி.க்கு மேல் போய்விடும்.

ஆகவே படிக்கும் ஒழுங்கு முக்கியம். சுவரில் ஒட்டிய நீர் வடிய இரண்டு மூன்று நிமிடம் விட வேண்டும். பியூரெட், அதோடு இணைந்த மட்டக் குழாய் இரண்டின் நீர்மட்டத்தையும் ஒன்றாக்க வேண்டும். பியூரெட்டைக் கையால் பிடிக்கக் கூடாது. 1 டிகிரி சூடு 100 மி.லி.யில் ஏறக்குறைய 0.3 மி.லி.யை மாற்றும். நீர் தன் கன அளவுக்குச் சற்றே குறைவான கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்ளும் என்பதால், அதே வாயுவால் முன்பே நிறைவித்த நீரையே பியூரெட்டில் விட வேண்டும்.

ஈத்தேன் சிக்கலுக்கு வருகிறேன். விடை பல்லேடியம். கார்பன் மோனாக்சைடை முழுதாக விலக்கியபின், ஏறக்குறைய 100 டிகிரி நீரில் அமிழ்ந்த வளைகுழாயில் பல்லேடியத்தின் மேல் மீதி வாயுவைச் செலுத்தினால் ஹைட்ரஜன் மட்டும் பிடிபடும். கிளெமென்ஸ் விங்க்லரின் முறை பல்லேடியம் பூசிய கல்நாரில் காற்றோடு எரிப்பது. அங்கே கல்நார் செஞ்சூடானால் மீத்தேனும் சேர்ந்து எரிந்துவிடும், அந்த முயற்சியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஹைட்ரஜன் போனபின் வெடிக்க வைத்து, சுருக்கத்தைக் கார்பன் டை ஆக்சைடால் வகுத்துப் பாருங்கள். சரியாக 2 வந்தால் மீத்தேன் மட்டுமே. குறைந்தால் ஈத்தேன் கலந்திருக்கிறது. தனி ஈத்தேனுக்கு அது 1.25. இரண்டு எண், இரண்டு தெரியாதவை, கணக்கு தீரும்.

புரொப்பேன் சேர்ந்தால் மறுபடி முடிச்சு விழும். 1 மீத்தேனும் 1 புரொப்பேனும் சேர்ந்து தருவதும் 2 ஈத்தேன் தருவதும் ஒன்றே: சுருக்கம் 5, கார்பன் டை ஆக்சைடு 4. அதற்குக் கரைசலும் இல்லை, பல்லேடியமும் உதவாது. திரவக் காற்றால் குளிரவைத்து, ஒவ்வொன்றாக ஆவியாக்கிப் பிரிக்கும் முறை வந்துதான் அது தீர்ந்தது.