சலூன் பென்ஸை ஸ்டேஷன் வாகன் ஆக்குவது எப்படி? வெட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

[திரையில்: பரந்தனில் ஒரு கராச். பின்பக்கம் நசுங்கிய வெள்ளை பென்ஸ் 240டி.]

வணக்கம். இந்தக் காரை முன்னால் நின்று பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. நான்கு சிலிண்டர், 2.4 லீற்றர் டீசல் எஞ்சின். ஒழுங்காகப் பார்த்தால் இன்னும் பல வருடம் ஓடும். பின்னால் வாருங்கள். டிக்கி உள்ளே போய்விட்டது, பின் கண்ணாடி இல்லை, கூரையின் பின் ஓரமும் மடிந்திருக்கிறது. இது சலூன், அதாவது டிக்கி தனியாக உள்ள கார். டிக்கிக்குப் பதிலாகக் கூரை பின்பக்கம் வரை நீண்டு, அங்கே ஒரு பெரிய கதவு இருந்தால் அது ஸ்டேஷன் வாகன், சுருக்கமாக வாகன். இப்படி அடிபட்ட காரைத்தான் ஸ்டேஷன் வாகனாக மாற்றலாம். நல்ல நிலையில் இருக்கிற சலூனைத் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

வன்னியில் ஒரு கார் வீட்டுக்கும் உழைக்க வேண்டும், வயலுக்கும் உழைக்க வேண்டும். காலையில் பிள்ளைகளை ஏற்றும், பின்னேரம் உரமூட்டையும் தண்ணீர் மோட்டரும் ஏற்றும். 2020இல் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. 2025இல் திரும்பத் திறந்தார்கள், ஆனால் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் பலருக்கு அது எட்டாத தூரம். அதனால் கையில் இருக்கிற பழைய காரை மாற்றலாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

[திரையில்: பழைய பென்ஸ் வாகனின் படம்.]

இந்த 123 வரிசை பென்ஸில் சலூன், வாகன் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 27 இலட்சம் கார்கள் செய்யப்பட்டன. கம்பனியே கட்டிய வாகன் 1977இல் பிராங்பேர்ட் கண்காட்சியில் வந்தது. அதற்கு முன் பென்ஸில் வாகன் வேண்டும் என்றவர்களுக்கு பின்ஸ் போன்ற வெளிப் பட்டறைகள் கட்டிக் கொடுத்தன. இங்கிலாந்தில் லிங்க்ஸ் என்ற பட்டறை 1980களில் தொடங்கி இரண்டு கதவு ஜகுவார் எக்ஸ்ஜே-எஸ் காரை வாகனாக்கியது. மொத்தம் 67 கார்தான். அவ்வளவு மெதுவான, செலவான வேலை இது.

எங்கள் பக்கத்திலும் கைவேலைக்குக் குறைவில்லை. 1990களில், போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் தட்டுப்பாடாக இருந்தபோது, ஒஸ்ரின், மொரிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் கார்களில் எத்தனையோ 2009இல் போர் முடிந்த பிறகு முள்ளிவாய்க்காலில் துருப்பிடித்துக் குவிந்து கிடந்தன. அவற்றை ஓட வைத்த மெக்கானிக்மாரின் கைகளை நான் மதிக்கிறேன். ஆனால் எஞ்சினில் ஒரு பிழை விட்டால் கார் உடனே நின்று காட்டிக் கொடுக்கும். உடம்பில் விட்ட பிழை அப்படி இல்லை. பெயின்ட்டுக்குக் கீழே ஒளிந்திருந்து, மோதும்போதுதான் வெளியே வரும்.

[திரையில்: பின் சீற்றைக் கழற்றுகிறார்கள். அதன் பின்னால் உள்ள தகரச் சுவர் தெரிகிறது.]

இதோ, இந்தச் சுவரைப் பாருங்கள். பின் சீற்றின் முதுகுக்கும் டிக்கிக்கும் நடுவில் இருக்கிறது. மேலே கண்ணாடிக்குக் கீழே ஒரு தட்டு. வெறும் தடுப்பு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இந்தக் காரில் தனி சேசிஸ், அதாவது அடியில் பாரம் தாங்கும் தனி இரும்புச் சட்டம், கிடையாது. தகர உடம்பே எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. குண்டும் குழியுமான றோட்டில் ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கும்போது உடம்பு முறுக்கப்படும். அந்த முறுக்கைத் தடுப்பதில் இந்தச் சுவருக்கும் தட்டுக்கும் பெரிய பங்கு. தீப்பெட்டியின் உள்தட்டை எடுத்துவிட்டு வெளிக்கூட்டை அழுத்திப் பாருங்கள், சரிந்து போகும்.

வாகன் என்றால் இந்தச் சுவர் போக வேண்டும். பின்னால் பெரிய கதவுக்கு வாயும் திறக்க வேண்டும். அப்படியானால் எடுத்த பலத்தை வேறு இடத்தில் திருப்பி வைக்க வேண்டும். பின் கதவைச் சுற்றி, கூரை, இரண்டு பக்கத் தூண், தரை எல்லாம் சேரும் ஒரு மூடிய வளையம் தேவை. பெட்டி போல மடித்த இரும்பில் அதைச் செய்ய வேண்டும், மூலைகளில் முக்கோணத் தகடு வைக்க வேண்டும். பின் சக்கரத்துக்கு நேரே தரையில் ஒரு குறுக்குச் சட்டம். கதவின் கீல் கூரையில் தொங்குவதால் கூரையின் பின் ஓரத்திலும் ஒரு உறுதியான சட்டம். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் விட்டுவிடுவது இந்த வளையத்தைத்தான். அதை விடுவதென்றால் மாற்றவே வேண்டாம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? எண்ணெய்த் தாங்கியில் இருந்து. இந்தச் சலூனில் தாங்கி பின் சீற்றுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கிறது. வெட்டுவதற்கு முன் அதைக் கழற்றிக் கராச்சுக்கு வெளியே கொண்டு போங்கள். வெறுந்தாங்கிதானே என்று பக்கத்தில் வைத்து வெல்டிங் பண்ணாதீர்கள். உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். கம்பனி வாகனில் தாங்கி தரைக்குக் கீழே போய்விட்டது. நீங்களும் அங்கேதான் கொண்டு போக வேண்டும், குழாய்களும் காற்றுப் போகும் வழியும் சேர்த்து.

[திரையில்: கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்கள்.]

பிறகு காரைச் சமதரையில் மட்டம் பார்த்து நிறுத்தி, வெட்டும்போது உடம்பு கோணாமல் இருக்க, கதவு வாசல்களுக்குக் குறுக்கே குழாய் வைத்துப் பற்றவைக்க வேண்டும். மூலைக்கு மூலை அளந்து எழுதி வையுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் இரும்பு வெட்டும் கிரைண்டரைத் தொட வேண்டும்.

அடுத்தது கண்ணாடி. பலர் கூரையைக் கட்டி முடித்துவிட்டுக் கண்ணாடி தேடுவார்கள். கடினப்படுத்திய கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது, நொறுங்கிவிடும். முதலில் ஒரு வாகனின் பின் கதவைக் கண்ணாடியோடு தேடி எடுங்கள். அந்த அளவுக்குச் சட்டத்தைக் கட்டுங்கள். அதே வரிசை பென்ஸ் வாகனின் பின்பாதி கிடைத்தால் அதிர்ஷ்டம், பாதி வேலை குறையும்.

கூரைக்குத் தட்டையான தகரம் சரிவராது. ஓடும்போது மேளம் போல் அதிரும். மரச் சுத்தியலால் தட்டி மெல்லிய வளைவு கொடுக்க வேண்டும். காஸ் வெல்டிங்கில் சூடு பரவித் தகரம் நெளியும். சிஓ2 வெல்டிங்கில் ஒரு பொட்டு இங்கே, அடுத்தது தள்ளி அங்கே என்று ஆறவிட்டுப் போங்கள். பள்ளம் நிரப்பும் பசையான புட்டியைத் தடிப்பாக அப்பி மறைக்கும் வேலை எனக்குப் பிடிப்பதே இல்லை.

புகை விஷயத்தையும் கவனிக்க வேண்டும். செங்குத்தான பின்பக்கம் உள்ள வண்டி ஓடும்போது பின்னால் காற்றழுத்தம் குறையும்; தூசியும் சைலன்சர் புகையும் அங்கே சுழலும். பின் கதவின் றப்பர் சரியாக மூடாவிட்டால் அந்தப் புகை பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு வரும். அதில் நிறமோ மணமோ இல்லாத கார்பன் மொனொக்சைட்டும் இருக்கும். சைலன்சர் குழாயைப் பம்பரைத் தாண்டி வெளியே விடுங்கள். எங்கள் செம்மண் றோட்டுக்குப் பின் கண்ணாடியில் வைப்பரும் கட்டாயம்.

50 கிலோ உரமூட்டை எட்டு ஏற்றினால் 400 கிலோ, எல்லாம் பின் அச்சில். கம்பனி வாகனில் பாரத்துக்கு ஏற்ப உயரத்தைச் சரிசெய்யும் ஹைட்ரோலிக் அமைப்பு இருந்தது. அது இல்லாவிட்டால் பலமான ஸ்பிரிங்கும் அதற்குப் பொருத்தமான ஷொக் அப்சோபரும் போட வேண்டும். மிதமிஞ்சி இறுக்கினால் வெறும் வண்டி துள்ளும். பின்னால் தாழ்ந்தால் லைற் மேலே பார்க்கும். இரவில் ஏ9 வீதியில் படுத்திருக்கும் மாடு தெரியாது. சடுதியாகப் பிரேக் அடிக்கும்போது மூட்டை முன்னால் வராமல் இருக்க, மடிக்கும் சீற்றின் கொளுக்கியை உடம்பின் இரும்பில் பூட்டுங்கள், வலையும் கட்டுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அனுமதி கேட்டு, பதிவுப் புத்தகத்தில் மாற்றம் ஏறுமா என்று தெரிந்துகொள்ளுங்கள். காப்புறுதிக்காரரிடமும் சொல்லுங்கள்.

[திரையில்: பெயின்ட் அடிக்காத வாகன், மூட்டைகளோடு கிரவல் றோட்டில்.]

எல்லாம் முடிந்ததும் பாரம் ஏற்றிக் கிரவல் றோட்டில் ஓட்டிவிட்டு வந்து, நான்கு கதவையும் திறந்து மூடிப் பாருங்கள். எழுதி வைத்த மூலை அளவுகளைத் திரும்ப அளந்து பாருங்கள். கதவு உரசினாலோ அளவு மாறியிருந்தாலோ வளையத்தைத் திரும்பத் திறந்து பார்க்க வேண்டும். பெயின்ட் அதற்குப் பிறகு.