ஒன்றா, ஆறா? எனியாகிராமில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு ஆளுமை வகைகள்

[திரையில்: மழைக்கு முந்தைய மாலை. வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமாக வரிசையில் நிற்கும் கார்கள்.]

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை வந்தபோது, வேளச்சேரியில் வசிப்பவர்கள் பலர் தங்கள் கார்களை மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு வீடு திரும்பினார்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தரைத்தளத்தில் நின்ற வண்டிகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை அந்தப் பகுதி மறந்திருக்கவில்லை. அந்த வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கார்களின் உரிமையாளர்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருவருமே பொறுப்பானவர்கள், மின்கட்டணத்தைக் கடைசித் தேதிக்கு முன்பே கட்டுபவர்கள், சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து நிற்பவர்கள். அக்கம்பக்கத்தாரிடம் கேட்டால், இருவரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்பார்கள்.

ஆனால் பாலத்திலிருந்து இறங்கி நடக்கும்போது ஒருவருடைய மனத்தில், "மேம்பாலத்தில் வண்டி நிறுத்துவது முறையில்லை, ஊருக்கெல்லாம் சொல்லும் நானே இதைச் செய்துவிட்டேனே" என்ற உறுத்தல் ஓடுகிறது. மற்றவர் மனத்திலோ, "ஹேண்ட் பிரேக் போட்டேனா? போலீஸ் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டால்? எதிர் ஃப்ளாட்காரர் ஏன் இன்னும் வண்டியை எடுக்கவில்லை, அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எனக்குத் தெரியவில்லையோ?" என்று கேள்விமேல் கேள்வி எழுகிறது. மனிதர்களை ஒன்பது வகைகளாகப் பிரிக்கும் எனியாகிராம் என்னும் ஆளுமைப் பகுப்பு, முதலாமவரை ஒன்றாம் வகை என்றும் இரண்டாமவரை ஆறாம் வகை என்றும் சொல்லும். தம் வகை எது என்று தேடுபவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது மிகவும் சாதாரணம். அந்த முடிச்சை அவிழ்ப்பது எப்படி என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

[திரையில்: வட்டமும் ஒன்பது புள்ளிகளும் கொண்ட எனியாகிராம் உருவம். ஒன்றும் ஆறும் மட்டும் வேறு நிறத்தில்.]

கிரேக்க மொழியில் ‘என்னெயா’ என்றால் ஒன்பது. ‘கிராம்மா’ என்றால் எழுதப்பட்டது அல்லது வரையப்பட்டது. இந்த உருவத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்திய ஆன்மிக ஆசிரியர் குர்ஜீஃப், அதை ஆளுமை வகைகளோடு இணைக்கவில்லை. அந்த இணைப்பைச் செய்தவர் பொலிவியாவில் பிறந்த ஆஸ்கார் இச்சாஸோ. அவரிடம் கற்றுக்கொண்டு, 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் உளவியல் மொழியில் அதை விரித்துரைத்தவர் சிலி நாட்டு மனநல மருத்துவர் கிளாடியோ நாரஞ்ஹோ. இதன் அறிவியல் தகுதியைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எனியாகிராம் குறித்த ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான ஒரு மீளாய்வு, ஆதாரங்கள் கலவையாகவே இருக்கின்றன என்ற முடிவுக்குத்தான் வந்தது. ஆகவே இது நோயறியும் கருவியும் அல்ல, வேலைக்கு ஆள் எடுக்கும் அளவுகோலும் அல்ல. ஜாதகம்போல வைத்துக்கொண்டு யாரும் பொருத்தம் பார்க்கவும் வேண்டாம். நம்மை நாமே கவனிக்க ஒரு சொல்வளம் தருகிறது என்ற அளவில் மட்டும் நான் இதை மதிக்கிறேன்.

இனி குழப்பத்துக்கு வருவோம். மனப்பகுப்பாய்வாளர் கேரன் ஹார்னி, மனிதர்கள் பிறரோடு நடந்துகொள்ளும் போக்குகளை மூன்றாகப் பிரித்தார்: பிறரை நோக்கிச் செல்வது, பிறரை எதிர்த்துச் செல்வது, பிறரை விட்டு விலகிச் செல்வது. பின்னால் வந்த எனியாகிராம் ஆசிரியர்கள் இதைத் தங்களுக்கேற்ப மாற்றி எடுத்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, ஆறு ஆகிய மூன்று வகைகளையும் ‘இணங்கி நடப்போர்’ என்ற ஒரே கூட்டில் வைத்தார்கள். இங்கே இணக்கம் என்பது அடுத்தவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது அன்று. மனத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டே வாழ்வது. ஒன்றும் ஆறும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிவதற்கு இதுவே காரணம். கடமை, ஒழுங்கு, உழைப்பு, ‘செய்தே ஆக வேண்டும்’ என்ற நெருக்கடி ஆகிய எல்லாம் இருவருக்கும் பொது.

போதாக்குறைக்கு, நம் வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கும் முறையும் சேர்ந்துகொள்கிறது. "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற கேள்வியைக் கேட்காமல் சென்னையில் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியிருக்க முடியாது என்று நினைக்கிறேன். எந்த வகையில் பிறந்த பிள்ளையானாலும் அதன்மேல் ஆறாம் வகையின் பூச்சு ஒன்று இந்த வளர்ப்பில் விழுந்துவிடுகிறது. அதனால், ‘நீங்கள் பொறுப்பானவரா, விதிகளை மதிப்பவரா, எதையும் திட்டமிட்டுச் செய்பவரா’ என்று கேட்கும் இணையத் தேர்வுகள் நம் ஊர்க்காரருக்கு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது கடினம். அவை நடத்தையைக் கேட்கின்றன. எனியாகிராமோ அந்த நடத்தையைத் தள்ளிவிடும் விசையைப் பற்றியது.

அந்த விசை என்ன? ஒன்பது வகைகளும் மூன்று மையங்களாகப் பிரிக்கப்படுகின்றன. எட்டு, ஒன்பது, ஒன்று ஆகியவை உடல் மையம். அங்கே அடிப்படை உணர்ச்சி கோபம். இரண்டு, மூன்று, நான்கு ஆகியவை இதய மையம், அங்கே வெட்கம். ஐந்து, ஆறு, ஏழு ஆகியவை தலை மையம், அங்கே பயம். ஆகவே ‘ஒன்றா, ஆறா’ என்ற கேள்வியை ‘கோபமா, பயமா’ என்றும் கேட்கலாம். ஆனால் இதை நேராகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. ஒன்றாம் வகையினரிடம் கோபமா என்று கேளுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, "எனக்குக் கோபமெல்லாம் இல்லை, செய்வதை ஒழுங்காகச் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன்" என்பார்கள். கோபப்படுவதே தவறு என்பது அவர்கள் கணக்கு என்பதால், அது மனக்கசப்பாக, குத்தும் சொல்லாக, இறுகிய தோள்களாக வேறு வழியில் வெளிவருகிறது. ஆறாம் வகையினரிடம் பயமா என்று கேட்டாலோ, பாதிப் பேர் ஒப்புக்கொள்வார்கள், மீதிப் பேர், "பயமா? முன்ஜாக்கிரதை" என்பார்கள்.

[திரையில்: அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல், அறிவிப்புப் பலகை, மழைநீர் சேகரிப்புத் தொட்டியின் மூடி.]

உள்ளே பேசும் குரலைக் கவனிப்பதுதான் எனக்குத் தெரிந்தவரை நம்பகமான வழி. ஒன்றாம் வகையினருக்குள் ஒரே ஒரு நீதிபதி இருக்கிறார். அவர் விவாதிப்பதில்லை, தீர்ப்பு மட்டும் சொல்கிறார். "இது சரியில்லை. நீ இன்னும் நன்றாகச் செய்திருக்க வேண்டும்." ஆறாம் வகையினருக்குள் இருப்பது அந்த ‘நாலு பேர்’ கொண்ட ஒரு குழு. ஒருவர் ‘செய்’ என்கிறார், இன்னொருவர் ‘பொறு’ என்கிறார், மூன்றாமவர் ‘போன தடவை என்ன ஆயிற்று என்று மறந்துவிட்டாயா’ என்கிறார், நாலாமவர் ‘இவர்கள் மூவரையும் நம்பலாமா’ என்று கேட்கிறார். கூட்டம் முடிவதில்லை. ஒன்றாம் வகையினரின் சுமை தீர்ப்பு. ஆறாம் வகையினரின் சுமை சந்தேகம்.

இதை என் விஷயத்திலேயே சொல்கிறேன். ஓர் இணையத் தேர்வில் எனக்கு ஒன்றாம் வகைக்கு அதிக மதிப்பெண்ணும், அதற்கு ஒரே ஒரு புள்ளி குறைவாக ஆறாம் வகைக்கும் வந்தன. கண்டிப்பானவன், ஒழுங்கானவன் என்ற பெயர் பிடித்திருந்ததால், இரண்டு வருடம் என்னை ஒன்று என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு வருடம் மழைக்காலத்துக்கு முன், எங்கள் குடியிருப்பின் மழைநீர் சேகரிப்புத் தொட்டி தூர்வாரப்படாமல் கிடந்தது. சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது என்பதையும் அதில் குறிப்பிட்டேன். எழுதியதை அனுப்பாமல் நாலு பேரிடம் காட்டினேன்; நாலாவதாக என் அக்காவிடம். படித்துவிட்டு அக்கா சொன்னாள்: "நீ எழுதினது சரியான்னு யார்கிட்டயும் கேக்கவே இல்லடா. அனுப்பினா என்ன ஆகும்னுதான் எல்லார்கிட்டயும் கேட்டுட்டு இருக்க."

அந்த ஒரு வாக்கியத்தில் வித்தியாசம் முழுவதும் இருக்கிறது. ஒன்றாம் வகையினர் அதே கடிதத்தை எழுதியிருந்தால், எழுத்துப் பிழை இருக்கிறதா, ஆண்டு சரியா, தொனி நியாயமாக இருக்கிறதா என்று மூன்று முறை தாமே திருத்தியிருப்பார்கள். யாரையும் கேட்டிருக்க மாட்டார்கள், ஏனென்றால் எது சரி என்பது அவர்கள் உடம்பிலேயே ஓர் உறுதியாக இருக்கிறது. அனுப்பிய பிறகு அவர்களை வாட்டுவது, ‘இரண்டாம் பத்தியில் அந்தச் சொல் கொஞ்சம் கடுமையாகிவிட்டதோ’ என்ற குற்ற உணர்வாக இருக்கும். என்னை வாட்டியதோ, செயலாளர் லிஃப்டில் பார்த்தபோது ஏன் சிரிக்கவில்லை என்ற கேள்வி. 2003-ஆம் ஆண்டின் சட்டத்தை நான் மேற்கோள் காட்டியதுகூட விதியின்மேல் கொண்ட பற்றினால் அல்ல. யாராவது எதிர்த்துக் கேட்டால் எனக்குப் பின்னால் ஏதாவது நிற்க வேண்டும் என்பதற்காகத்தான்.

இதையொட்டியதுதான் அதிகாரத்தைப் பற்றிய வேறுபாடும். தமக்கு மேலிருப்பவரை ஒன்றாம் வகையினர் விதியை வைத்து அளக்கிறார்கள்: மேலாளர் விதிப்படி நடக்கிறாரா, தரம் தெரிந்தவரா? விதியே தவறாக இருந்தால் அதைத் திருத்த வேண்டும் என்பார்கள். அதற்காக மேலாளரோடு மோதவும் தயங்க மாட்டார்கள், மோதலின் முடிவில் தனியே நிற்க நேர்ந்தாலும் ‘நான் சொன்னது சரி’ என்பது அவர்களைத் தாங்கும். ஆறாம் வகையினர் ஆளை அளக்கிறார்கள்: இவரை நம்பலாமா, நாளைக்கு ஒரு சிக்கல் வந்தால் நம்மோடு நிற்பாரா? நம்பிவிட்டால் உயிரைக் கொடுத்து உழைப்பார்கள், ஆனாலும் மனத்தின் ஒரு மூலையில் பரிசோதனை நடந்துகொண்டே இருக்கும். தனியே நிற்பதுதான் அவர்களுக்குப் பெரிய தண்டனை.

ஒரு வேலை முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதும் உதவும். கல்யாண மண்டபத்தில் பந்தி நல்லபடியாக முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றாம் வகைச் சித்தப்பாவின் கண்ணில் மூன்றாவது வரிசையில் இலை கோணலாகப் போடப்பட்டது மட்டும் நிற்கும். ஆறாம் வகைச் சித்தப்பா ஒரு நிமிடம் பெருமூச்சு விடுவார். அடுத்த நிமிடம், சாயங்கால வரவேற்புக்கு ஆள் அதிகமாக வந்துவிட்டால் சாப்பாடு போதுமா என்று சமையல்காரரைத் தேடிப் போவார்.

இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. முதலாவது, ஒன்றாம் வகையினரும் கவலைப்படுவார்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் தூங்காத ஒன்றாம் வகை மாணவி, தன்னை ஆறு என்று எண்ணிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அவள் கவலையைத் தோண்டிப் பார்த்தால், அடியில் ‘தவறு செய்துவிடுவேனோ’ என்பது இருக்கும். ஆறாம் வகை மாணவியின் கவலைக்கு அடியில் ‘இது கைவிட்டுப் போனால் எனக்கு எது துணை’ என்பது இருக்கும். இரண்டாவது பள்ளம் இன்னும் ஆழமானது. ஆறாம் வகையினரில் ஒரு சாரார், பயத்தைக் கண்டு ஓடாமல் அதை நோக்கியே பாய்பவர்கள். பயத்தை எதிர்த்து நிற்கும் ஆறு என்று இவர்களை அழைக்கிறார்கள். குடியிருப்புக் கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்பவர், சிக்னலில் தவறான திசையில் வரும் பைக்கை மறித்து வாதிடுபவர் எல்லாம் பார்வைக்கு அசல் ஒன்றாம் வகைபோலவே தெரிவார்கள். அந்த வாக்குவாதம் முடிந்து பத்து நிமிடம் கழித்து அவரைப் பாருங்கள். ‘அவன் செய்தது தவறு’ என்பதிலேயே மனம் நின்று கொதித்துக்கொண்டிருந்தால் ஒன்று. ‘அவன் பின்னால் வருகிறானா’ என்று கண்ணாடியில் பார்த்தால் ஆறு.

‘இறகுகள்’ எனப்படும் பக்கத்து எண்களின் சாயல், அழுத்தத்தில் எந்த எண்ணின் பக்கம் சாய்வது என்பவையெல்லாம் இந்தக் கேள்விக்கு அதிகம் உதவுவதில்லை. அழுத்தத்தில் ஒன்று நான்கின் பக்கமும் ஆறு மூன்றின் பக்கமும் நகரும் என்பது கோட்பாடு. தன் வகையே தெரியாதவர் அதை வைத்துத் தேடினால் குழப்பம் ஒன்பது மடங்காகும். அதற்குப் பதில் ஒரு வாரம், தினமும் இரவில், அன்று எடுத்த ஏதாவது ஒரு சின்ன முடிவை மட்டும் கைப்பேசியில் குறித்துவையுங்கள். என்ன முடிவு என்பதைவிட, அதற்கு முந்தைய நொடியில் மனத்தில் கேட்ட வாக்கியத்தை, கேட்டபடியே எழுதுங்கள். ஏழு வாக்கியங்களில் ‘வேண்டும்’, ‘கூடாது’ என்று முடிபவை எத்தனை, ‘ஆகிவிட்டால்?’ என்று முடிபவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

என் குறிப்பில் ஏழில் ஐந்து ‘ஆகிவிட்டால்’ என்று முடிந்திருந்தன. அதற்குப் பிறகும் நான் இன்னும் இரண்டு இணையத் தேர்வுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஆறு வந்தது, மற்றதில் ஒன்று வந்தது. இரண்டில் எதை நம்பலாம் என்று கேட்பதற்காக அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.