உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

வணக்கம். டர்பனிலும் அதைச் சுற்றி சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கமும் கேட்டுக்கொண்டிருக்கும் அக்கா அண்ணன்மாருக்கும், அடுப்படியில் ரேடியோவை வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் ஆயாமாருக்கும் வணக்கம். நான் டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால்நடை மருத்துவமனையில் 27 வருடம் நர்ஸாக இருந்தவள். நாயைப் பிடித்துக்கொள்வது, ரத்தம் எடுப்பது, அதைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, அப்புறம் வெளியே உட்கார்ந்து அழுகிறவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பது, இதுதான் என் வேலை.

பேச்சை ஆரம்பிக்கும் முன் ஒரு சின்ன வேலை. உங்கள் நாய் பக்கத்தில் படுத்திருந்தால் அதன் மேலுதட்டை விரலால் மெதுவாகத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே இருக்கும் ஈறைப் பாருங்கள். தெருநாயிடம் வேண்டாம், உங்கள் நாயிடம் மட்டும். ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் ஒருமுறை அழுத்திவிட்டு எடுங்கள், வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். சில நாய்க்கு ஈறே கறுப்பாக இருக்கும், அதற்குக் கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்கம் பாருங்கள். அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு தரம், அரை நிமிஷம். எதற்காகப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், நாய் நன்றாக இருக்கும்போது அதன் ஈறு எப்படி இருக்கும் என்று தெரியாதவருக்கு, அது வெளுக்கும்போது வெளுத்தது என்றும் தெரியாது.

எனக்கே அது தெரியாமல் போனது, கிளினிக்கில் 6 வருடம் வேலை பார்த்த பிறகு. டைகர் என்று ஒரு நாய் வைத்திருந்தோம், செம்பட்டை நிறம், எந்த ஜாதி என்று யாராலும் சொல்ல முடியாத ஜாதி. டிசம்பர் மாதம், லெனேஷியாவிலிருந்து சித்தப்பா வீட்டார் 9 பேர் வந்து இறங்கியிருந்தார்கள், வீடு முழுக்கப் பாய், வாசலில் நெருப்பு மூட்டி இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள், அந்த வாசனைக்குக்கூட டைகர் எழுந்து வரவில்லை. வெயில், கூட்டம், அதனால்தான் என்று நினைத்தேன். மறுநாளும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் முற்றத்துச் சிமெண்டில் அது போன சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் இருந்ததைப் பார்த்த பிறகுதான் ஓடிப்போய் உதட்டைத் தூக்கினேன். காகிதம் மாதிரி வெள்ளை. வேறொரு நாயின் ரத்தம் ஏற்றியும் பிழைக்கவில்லை. தினமும் ஊரார் நாயின் ஈறைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என் வீட்டு நாயின் வாயைத் திறந்து பார்க்கவில்லை. அந்த வருடத்துக்கு அப்புறம் நான் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு விருந்தாளி கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டேன், அது வேறு விஷயம்.

டைகருக்கு வந்தது பிலியரி. இந்த ஊரில் நாய் வளர்க்கிறவர் எல்லாருக்கும் தெரிந்த பேர். உண்ணி கடிப்பதால் வருவது. பபீசியா என்கிற நுண்ணுயிர் உண்ணியின் எச்சில் வழியாக ரத்தத்தில் இறங்கி, சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வந்து அடுத்த அணுவுக்குப் போகும். உடைந்த அணுவின் சாயம்தான் சிறுநீரில் இறங்குகிறது. அதனால்தான் ஈறு வெளுக்கிறது, சில சமயம் மஞ்சளாகிறது, நாய் நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. ஆப்பிரிக்காவில் நாய்களுக்கு வரும் பபீசியா ரொசி என்ற வகை மற்ற நாட்டு வகைகளைவிடக் கொடியது. ஆனால் முதல் நாளே கொண்டுவந்தால் காதுநுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சாயம் போட்டு, கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம், மருந்தும் இருக்கிறது. முதல் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் உள்ள வித்தியாசம் பல நாய்க்கு உயிர்.

உண்ணி கடித்த நிமிஷமே நோய் ஏறிவிடாது, பொதுவாக ஒன்றிரண்டு நாளாவது ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்தால்தான் ஏறும். ஆகவே சாயங்காலம் உலாவிவிட்டு வந்ததும் கையால் தடவிப் பார்ப்பது வீண் வேலை இல்லை. காதுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குளில், விரல் இடுக்கில், வாலுக்குக் கீழே. தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், எரிகிற ஊதுபத்தி வேண்டாம். சொறிக்கும் உண்ணிக்கும் காரிலிருந்து வடித்த பழைய எண்ணெயைப் பூசுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. நாய் அதை நக்கும், உள்ளே போகும், சொறி அப்படியே இருக்கும். ஜேய்ஸ் ஃப்ளூயிட் என்கிற கிருமிநாசினி சாக்கடைக்கும் தரைக்கும், நாயைக் குளிப்பாட்ட இல்லை. அதில் குளித்து மயங்கி வந்த நாய்களை நான் துடைத்திருக்கிறேன். மாதம் ஒரு தரம் கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ, மெல்லும் மாத்திரையோ டாக்டரிடம் எடைக்குத் தகுந்தபடி கேட்டு வாங்குங்கள். டர்பனில் குளிர்காலம் என்று பேர்தான், உண்ணி வருடம் முழுக்க இருக்கும்.

சரி, வருடாந்தரப் பரிசோதனைக்கு வருவோம். ‘நாய் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு 600, 700 ராண்ட் செலவு?’ என்று கேட்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை, காசு காசுதான். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். எடை பார்ப்பார்கள். வாயைத் திறந்து பல்லில் காவி ஏறியிருக்கிறதா, ஈறு வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதயத்தைக் கேட்பார்கள், வயிற்றைக் கையால் அமுக்கி உள்ளே ஏதாவது கட்டி தட்டுப்படுகிறதா என்று தேடுவார்கள், தாடைக்குக் கீழும் முழங்காலுக்குப் பின்னும் நெறி கட்டியிருக்கிறதா, காதில் நாற்றம் இருக்கிறதா, பெட்டைக்கு முலையில் முடிச்சு இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து அட்டையில் எழுதுவார்கள். அந்த அட்டையில் எழுதுவதுதான் பாதி வைத்தியம். போன வருடம் 14 கிலோ, இந்த வருடம் 11 கிலோ என்றால் நாய் வாயைத் திறந்து சொன்ன மாதிரி. வீட்டில் தினமும் பார்க்கும் கண்ணுக்கு அந்த 3 கிலோ தெரியவே தெரியாது. நாய்க்கு 7 வயது தாண்டிவிட்டால் வருடத்துக்கு 2 தரம் காட்டுவது நல்லது.

நடுவில் வீட்டிலேயே எடை பார்க்கலாம். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுங்கள், அப்புறம் தனியாக ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். உங்கள் எடையை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்று சொல்வார்கள், அதை நம்பாதீர்கள், தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு காய்ந்துதான் இருக்கும். நாயின் இயல்பான உடல் சூடு 38 முதல் 39.2 டிகிரி வரை. தொட்டுப் பார்த்தால் நமக்கு எப்போதும் சூடாகத்தான் படும்.

குட்டிக்கு ஏன் இத்தனை ஊசி என்று கேட்பார்கள், ஒரே நோய்க்கு மூன்று தரமா என்று. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் சில வாரம் இருக்கும், அது இருக்கும்வரை ஊசி மருந்தையும் அதுவே அழித்துவிடும். எந்த வாரம் அது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால் 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு தரம், 16 வாரம்வரை போடுகிறார்கள். ஒன்று போட்டுவிட்டு நிறுத்திய குட்டிதான் ரத்தப் பேதியோடு பார்வோ என்கிற குடல் நோய் வந்து படுக்கும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும், ஆகவே ஊசி முடியாத குட்டியைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகாதீர்கள்.

வெறிநோய் ஊசி வேறு கதை. இது விருப்பம் இல்லை, சட்டம். தென்னாப்பிரிக்காவின் 1984ஆம் ஆண்டு விலங்கு நோய்ச் சட்டத்தின் கீழ் நாய்க்கும் பூனைக்கும் கட்டாயம். 3 மாதத்தில் முதல் ஊசி, ஒரு வருடத்துக்குள் இரண்டாவது, பிறகு 3 வருடத்துக்கு ஒரு தரம். நம்முடைய குவாசூலு-நட்டால் மாகாணத்தில் இந்த நோய் பல பத்தாண்டுகளாக நாய்களிடையே சுற்றிக்கொண்டே இருக்கிறது. வெறிநாய் என்றால் நுரை தள்ளிக் கடிக்க ஓடி வரும் என்று நினைக்காதீர்கள். சில நாய் சும்மா மூலையில் போய் உட்காரும், தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாது. தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது என்று வாய்க்குள் கையை விடுவது அப்போதுதான். விடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ குழாயைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே மனித ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நோயின் குறி தெரிந்த பிறகு கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை, அதற்கு முன்னால் என்றால் ஊசி காப்பாற்றும்.

பூச்சி மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. சாணி உருட்டும் வண்டைத் தின்னும் நாய்க்கு ஸ்பைரோசெர்கா என்ற புழு வரும், அது உணவுக்குழாயில் முடிச்சுப் போட்டு உட்கார்ந்து, சில நாய்க்குப் புற்றுநோயாகவே மாறிவிடும். கடையில் வாங்கும் பல மாத்திரை அந்தப் புழுவைத் தொடாது, டாக்டரிடம் பேரைச் சொல்லிக் கேளுங்கள். நாயின் மலத்தை அன்றன்றைக்கு அள்ளிவிட்டால் வண்டுக்கும் வேலை இல்லை.

இனிச் சாப்பாடு. புரட்டாசி வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு மாதம் இறைச்சி கிடையாது, நாயும் சேர்ந்து விரதம். 11 மாதம் எலும்பும் கறியும் தின்ற நாய்க்கு ஒரே நாளில் பருப்பும் சோறும் என்றால் வயிறு கெடும், புரட்டாசியில் எங்கள் கிளினிக்கில் பேதி கேஸ் அதிகம் என்று நான் சொன்னால் டாக்டர் சிரிப்பார், ஆனால் மறுக்கமாட்டார். நாய்க்கென்று விற்கும் உணவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், சாமிக்கு அதில் கோபம் வராது. பருப்பைவிட எனக்குப் பயம் அதிலுள்ள வெங்காயம்தான். பச்சையோ வெந்ததோ, வெங்காயம் நாயின் சிவப்பணுவை உடைக்கும், கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் போதும், அதாவது 10 கிலோ நாய்க்கு ஒன்றிரண்டு பெரிய வெங்காயம். குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றில் எவ்வளவு போகிறது என்று யார் அளக்கிறார்கள்? பாயசத்துத் திராட்சை, சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால், தென்கரைப் பக்கம் மரத்தடியில் விழுந்து கிடக்கும் மக்கடேமியா கொட்டை, எல்லாமே விஷம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எலும்பு வெந்த பிறகு ஊசி மாதிரிப் பிளக்கும். நம் தலைவலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது.

தோட்டத்தையும் ஒரு சுற்றுப் பாருங்கள். ஊதாவாகப் பூத்து வெள்ளையாக மாறும் ‘நேற்று இன்று நாளை’ செடி அழகுதான், ஆனால் அதன் காயைத் தின்ற நாய்க்கு வலிப்பு வரும். என் ஆயா வேப்பிலை கிடைக்காதபோது சிரிங்கா இலையைத்தான் மாரியம்மனுக்குப் பறிப்பார். இலை சாமிக்குப் போகட்டும், கீழே உதிரும் அந்த மஞ்சள் பழம் நாய்க்கு விஷம், கூட்டிவிடுங்கள். துப்பும் நாகம் நாயின் கண்ணில் விஷம் துப்பினால் பால் ஊற்றிக்கொண்டு நிற்காமல் 15, 20 நிமிஷம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு வண்டியை எடுங்கள். திருடர்கள் இறைச்சியில் வைத்துப் போடும் ‘டூ-ஸ்டெப்’ விஷத்துக்கு அந்த நேரமும் கிடையாது. எச்சில் ஒழுகும், உடம்பு நடுங்கும், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும். எண்ணெய், உப்புத் தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், கையுறை இல்லாமல் வாந்தியைத் தொடாதீர்கள், அது மனிதனையும் கொல்லும். கிளினிக்குக்கு போன் போட்டுக்கொண்டே ஓட்டுங்கள்.

கையில் காசு இல்லை என்றால் கௌண்டரிலேயே சொல்லிவிடுங்கள். என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது, எது முக்கியம் என்று கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபிக்கமாட்டார். எஸ்பிசிஏ என்கிற விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் இருக்கிறது. வெறிநோய் ஊசியை அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது, மைதானத்தில் மேசை போட்டு உட்காருவார்கள். நானும் சில வருடம் அங்கே போய் உதவியிருக்கிறேன். கயிறு கட்டிக் கூட்டி வாருங்கள் என்று எத்தனை தரம் சொன்னாலும் சிலர் கேட்பதில்லை. ஒரு தாத்தா, கயிறே கட்டிப் பழகாத தன் கிழட்டு நாயை சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியில் போர்வை விரித்து உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். அது தேரில் வரும் சாமி மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தது, வரிசையில் நின்ற மற்ற நாய்களெல்லாம் குரைப்பதை நிறுத்திவிட்டன. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு நல்ல சிவப்பு. ஊசி போட்டதும் தேர் அப்படியே திரும்பி மேட்டில் ஏறிப் போனது.